நாற்பது எலும்புக்கூடுகளும் என் தம்பியும்

என் தம்பிக்கு முப்பத்தெட்டு வயது. வாரத்தில் ஆறு நாள் ஒரு மருந்து கம்பெனியில் மாத்திரை அட்டைகளின் காலாவதித் தேதியைச் சரிபார்க்கிறான். ஏழாம் நாள் அவன் நெருப்புப் பூதங்களின் தளபதி. கட்டைவிரல் உயரம் கூட இல்லாத பிளாஸ்டிக் பூதங்கள், மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றின் கண்ணுக்குள்ளும் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்திருப்பான். அந்தப் புள்ளியை வைக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டுமாம். பெற்ற தாயின் பிறந்தநாள் மட்டும் அவனுக்கு எந்த வருஷமும் ஞாபகம் இருந்ததில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் அம்மா ஒரு தப்பு செய்தாள். பிள்ளை ஆசையாகச் சேர்த்து வைத்த பொம்மைகளில் தூசி படிந்திருக்கிறதே என்று, அத்தனை பூதங்களையும் ஒரு வாளி வெந்நீரில் போட்டாள். சோப்புத்தூள் போட்டு ஊறவைத்தாள். பழைய டூத்பிரஷால் ஒவ்வொன்றாகத் தேய்த்து, துண்டு விரித்து, உயர வாரியாக வெயிலில் அடுக்கினாள். சாயங்காலம் தம்பி வந்து பார்த்தபோது பூதங்கள் எல்லாம் பளிச்சென்று இருந்தன. பெயிண்ட் போன இடம் தெரியவில்லை. அவன் அம்மாவைப் பார்த்து, "கொலைகாரி" என்றான். பிறகு பூதங்களை ஒரு பெட்டியிலும் தன் துணிகளை ஒரு பையிலும் போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போனான். பூதங்களுக்குத்தான் பெரிய பெட்டி.

போனவன் போனவன்தான். போன் நம்பரை மாற்றினான். கடிதம் எழுதினேன், பிரிக்காமலே திரும்பி வந்தது. அம்மா அழுதாள். நான் திட்டினேன். வருஷங்கள் ஓடின. பிறகு அம்மாவுக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்கியது, அப்புறம் ஏறாவிட்டாலும் வாங்கியது. இதயத்தில் ஒரு வால்வு பழுது, மூன்று மாதத்துக்குள் மாற்றியாக வேண்டும் என்றார் டாக்டர். அம்மா சம்மதப் படிவத்தைத் தொடக்கூட மறுத்துவிட்டாள்.

"சின்னவன் வந்து எங்கிட்ட ஒரு வார்த்தை பேசட்டும். அப்புறம் கத்தியை வைக்கச் சொல்லு."

"அவன் வராட்டி?"

"வராட்டி எதுக்குடா வால்வு?"

நான் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் தொழிலில் பழுதென்றால் பலகையைக் கழற்றி எது என்று பார்த்துவிடலாம். தம்பியைப் போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் இருக்கும் இடம் ஒரு மெத்தைக் கடையின் மாடி. வாசலில் பித்தளைப் பலகை: அகில உலகச் சிற்றுருப் போர்க்கலைப் பேரவை, தலைமையகம். வேறெங்கும் கிளை கிடையாது என்று பிறகு தெரிந்தது. உள்ளே பத்துப் பதினைந்து ஆண்கள், எல்லோரும் குடும்பஸ்தர் வயது, பச்சை விரிப்பு போட்ட மேஜைகளைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள். ஒரே நாற்றம். பசை, பெயிண்ட், திறக்காத ஜன்னல், கழற்றாத ஷூ. ஒரு பிளாஸ்டிக் மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று இரண்டு பேர் எதையோ முறைத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. விளையாடுகிற இடத்தில் இப்படி ஓர் இழவுக் களையை நான் பார்த்ததே இல்லை.

தம்பியை வாசலில் பிடித்து, "அம்மாவுக்கு..." என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினான்.

"படை இருக்கா?"

"என்ன படை?"

"படை இல்லாதவங்களோட நான் பேசறதில்ல. பேசணும்னா மேஜைக்கு வா." உள்ளே போய்விட்டான்.

அங்கேயே படிக்கட்டில் நின்று கத்தியிருக்கலாம். ஆனால் அவன் காதில் விழுந்தால் மட்டும் போதாதே, அவன் வர வேண்டும். அவன் கேட்பது ஒரு பெட்டி பொம்மைப் படைதானே, வாங்கித் தொலைத்துவிடலாம் என்று நினைத்தேன். வாழ்க்கையில் நான் செய்த முட்டாள்தனங்களுக்குள் அதற்கு நல்ல இடம் உண்டு.

பெட்டி விற்பவரும் பேரவைத் தலைவரும் ஒருவரே. கழுத்தில் மூன்று பதக்கம், மூன்றும் அவரே ஏற்படுத்தி அவருக்கே கொடுத்தவை. இது வாங்கக்கூடிய சமாச்சாரம்தானா என்று அவரிடமே கேட்டேன்.

"வாங்கலாமா வேண்டாமான்னு யோசிக்கிறவங்களுக்கு இது இல்ல சார். யோசிக்காதவங்கதான் எங்களுக்கு வேணும்" என்றார். "நம்பி வாங்குங்க. ஒரு பெட்டியோட நிறுத்தினவங்க யாருமே இல்ல. ஒருத்தர் நிறுத்தினார். செத்துட்டார். அவர் படையை நான்தான் அவங்க வீட்டம்மாகிட்டேர்ந்து வாங்கினேன். விலை தெரியாத அம்மா, பாவம்."

இருப்பதில் மலிவு எலும்புக்கூட்டுப் படை. அட்டையில் நாற்பது எலும்புக்கூடுகள் வாளை ஓங்கிக்கொண்டு, கண்ணில் நீல நெருப்போடு ஓடிவந்தன. பெட்டியைத் திறந்தால் சாம்பல் நிறச் சட்டங்களில் கை தனி, கால் தனி, மண்டை தனி. அட்டையின் அடியில், எறும்பு படிக்கிற எழுத்தில், பசை, பெயிண்ட், பிரஷ், அடித்தட்டு, பகடை, விதிநூல் ஆகியவை இதில் அடங்காது என்று போட்டிருந்தது.

"அப்போ எதுதான் இதுல அடங்கும்?"

"முழு ஈடுபாடும் இதுலதான் சார் அடங்கியிருக்கு" என்றார் தலைவர், கூசாமல்.

மாலையில் வேலை முடிந்து வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஒட்டினேன். லிஃப்ட் கதவின் உருளைகளைக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டுகிற கை இது. அரை அரிசி அளவு தாடையை மண்டையில் ஒட்டுவதற்குள் விரல் மேஜையோடு ஒட்டிக்கொண்டது. அம்மா எதிரில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே பார்ப்பாள். ஒன்றைக்கூடத் தொடமாட்டாள். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொள்வாள்.

"இதையா அவன் நாள் முழுக்கச் செய்வான்?"

"ஆமாம்."

"எவ்வளவு பொறுமை பாரு என் பிள்ளைக்கு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளைக் குளிக்கவைத்து, மாத்திரை கொடுத்து, பாத்ரூம் வரை தாங்கிக்கொண்டு போகிறவன் நான். பொறுமைசாலி அவன்.

மூன்றாவது ஞாயிறு நிறப் பரிசோதனை. விதிப்படி ஒவ்வொரு வீரனிலும் குறைந்தது மூன்று நிறம் இருக்க வேண்டும். பரிசோதகர் வார நாட்களில் செருப்புக் கடையில் அளவு பார்க்கிறவர். என் படையைக் கண்ணாடி வைத்து ஒரு மணி நேரம் பார்த்தார்.

"எல்லாம் வெள்ளையா இருக்கே?"

"எலும்புங்க. வெள்ளையாத்தானே இருக்கும்?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில், காலில்லாமல் செருப்பு வாங்க வந்தவனைப் பார்க்கும் இரக்கம் இருந்தது. "எலும்புக்கு நிழல் உண்டு. எலும்புக்கு ஒளி உண்டு. எலும்புக்கு வயசு உண்டு. உங்க வீரர்கள் எந்த நூற்றாண்டுல செத்தாங்க?"

"தெரியாதுங்க."

"தளபதிக்கே தெரியாட்டி அவங்க எப்படி நம்பிக்கையோட சண்டை போடுவாங்க?" என்று 'தகுதியற்றது' முத்திரையைக் குத்தினார். நாற்பதுக்கும் நாற்பது முத்திரை, தனித்தனிக் காகிதத்தில்.

ஐந்தாவது ஞாயிறு மூன்று நிறத்தோடும் ஒரு நூற்றாண்டோடும் போனேன். தேறிவிட்டது. கை குலுக்கினார்கள். அதே கையோடு தலைவர் அறிவித்தார், விதிநூலின் புதிய பதிப்பு அன்று காலையிலிருந்து அமலுக்கு வந்துவிட்டதாம். வீரர்களை ஒட்டி நிறுத்தும் வட்ட அடித்தட்டு இனிச் செல்லாது. முட்டை வடிவம்தான். முட்டை வடிவ அடித்தட்டு அவரிடம்தான் கிடைக்கும்.

"போன வாரம்தானே வட்டம் வாங்கினேன்? நீங்கதானே கொடுத்தீங்க?"

"கொடுத்தேன். அப்போ அது சரி. இப்போ அது தப்பு. இதுக்குப் பேர்தான் சார் வளர்ச்சி." பிறகு குரலைத் தாழ்த்தி, என்னைத் தேற்றுகிற மாதிரி சொன்னார்: "எல்லாருக்கும் நஷ்டம்தான். என்னைத் தவிர."

சுற்றிலும் நின்றவர்கள் தலையாட்டினார்கள். யாராவது பெட்டியைத் தூக்கி அவர் தலையில் போடுவார்கள் என்று பார்த்தேன். வரிசையில் நின்று முட்டை வாங்கினார்கள். முதல் ஆளாக என் தம்பி, நூற்றுப் பன்னிரண்டு.

இப்படியே பத்து வாரம் போனது. அம்மாவின் கால்கள் வீங்கத் தொடங்கின. டாக்டர் எனக்கு ஒரு வியாழக்கிழமையைக் குறித்துக் கொடுத்து, "இதுக்கு மேல தள்ளினா எங்கிட்ட வராதீங்க" என்றார். அதற்கு முந்தின ஞாயிறு, ஒருவழியாக, எனக்கும் தம்பிக்கும் ஆட்டம் போட்டார்கள்.

மேஜைக்கு எதிர்ப்பக்கம் அவன் நின்றான். முன்மண்டை வழுக்கையாகியிருந்தது. அப்பாவின் நெற்றி அப்படியே. நாலு வருஷம் கழித்து இப்போதுதான் அவனை நின்று நிதானமாகப் பார்க்கிறேன். பேரவையின் அளவை அதிகாரி நடுவராக நடுவில் நின்றார். இடுப்பில் இரண்டு டேப், கழுத்தில் ஒரு விசில்.

முதல் எலும்புக்கூட்டை ஆறு அங்குலம் நகர்த்த இருபது நிமிஷம் ஆயிற்று. ஆறா, ஆறே காலா என்று தகராறு. தரையைவிட லிஃப்ட் ஒரு விரற்கடை ஏறி நின்றால் கிழவிகள் தடுக்கி விழுவார்கள், அதற்காக நான் அளப்பேன். இவர்கள் எதற்காக அளக்கிறார்கள் என்று கடைசிவரை எனக்குப் புரியவில்லை. பிறகு அளவை அதிகாரி கன்னத்தை மேஜையில் வைத்து, ஒரு கண்ணை மூடி, என் எலும்புக்கூட்டின் உயரத்தில் படுத்துக்கொண்டார். அந்த எலும்புக்கூட்டுக்கு எதிரே இருக்கும் பூதத்தின் முழங்கால் தெரிகிறதா என்று பார்க்கிறாராம். எலும்புக்கூட்டுக்குக் கண்ணே இல்லை. அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

அவர் படுத்திருக்கும் நேரம் பார்த்து, "தம்பி" என்றேன்.

விசில்.

"வெளிப்பேச்சு" என்றார் அளவை அதிகாரி, படுத்தபடியே. கையை நீட்டி என் எலும்புக்கூடு ஒன்றை எடுத்துப் பக்கத்துத் தட்டில் போட்டார்.

தலைவர் விதிநூலோடு வந்தார். "ஆட்டம் நடக்கும்போது ஆட்டத்துக்குச் சம்பந்தமில்லாம பேசற ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வீரர் காலி. ரெண்டு பக்கத்துக்கும் பொது விதி. இது வந்ததுக்கப்புறம் இங்க யாரும் வீட்டு விஷயம் பேசினதே இல்ல. எங்க செயலாளருக்குக் குழந்தை பிறந்தது மூணு மாசம் கழிச்சுத்தான் எங்களுக்கே தெரியும். அந்த அளவுக்குக் கட்டுப்பாடு."

நான் என் படையைப் பார்த்தேன். முப்பத்தொன்பது பேர் மிச்சம். பத்து வார மாலைகள், ஒவ்வொருவனுக்கும் மூன்று நிறம், தாடை, நூற்றாண்டு. வேறெதற்கு இவர்களைப் பெற்றேன்? தம்பியின் முகத்தைப் பார்த்து நிதானமாகச் சொல்லத் தொடங்கினேன்.

"அம்மாவுக்கு இதயத்துல வால்வு பழுதாயிடுச்சு. வியாழக்கிழமை ஆபரேஷன்."

ஒவ்வொரு சொல்லுக்கும் டக், டக்கென்று தட்டில் ஒருவன் விழுந்தான். தலைவர் சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தார். ஏழு.

"நீ வந்து பேசினாத்தான் கையெழுத்து போடுவேன்னு பிடிவாதமா உட்கார்ந்திருக்காங்க. டாக்டர் இதுக்கு மேல தள்ளக் கூடாதுன்னு சொல்லிட்டாரு."

மற்ற மேஜைக்காரர்களும் ஆட்டத்தை விட்டுவிட்டு வந்து சூழ்ந்துகொண்டார்கள். அம்மாவைப் பற்றிக் கேட்கத்தான் என்று நினைத்தேன். "பாதிப் படை போயிடுச்சு" என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் கிசுகிசுத்தார்.

"அன்னைக்கு உன் பொம்மைங்களைக் கழுவினது தப்புதான், அது அவங்களுக்குத் தெரியும். நாலு வருஷமா அதையே நினைச்சு அழுதுட்டிருக்காங்க."

ஏழு பேர் மிச்சம். என் பக்கத்துப் பச்சை விரிப்பு காலியாகத் தெரிந்தது.

"ஒரு வார்த்தை சொல்லுடா. வரேன்னு சொல்லு, போதும்."

ஒருவன் மிஞ்சினான். உதட்டைக் கடித்துக்கொண்டு அவனைப் பார்த்தேன். அதிகம் யோசிக்கவில்லை.

"கெஞ்சறேன்."

நாற்பது.

தம்பியின் கண் கலங்கியிருந்தது. அதில் நான் பொய் சொல்லவில்லை. வாய் லேசாகத் திறந்தது. 'வரேன்' என்று ஒரு சொல் சொன்னால் ஒரு பூதம் போகும். நூற்றுப் பன்னிரண்டில் ஒன்று. அவன் குனிந்து தன் வரிசையைப் பார்த்தான். முன்வரிசை, நடுவரிசை, பின்வரிசை. எதை விடலாம் என்று தேடுகிறான் என்று நினைத்தேன். ஒவ்வொன்றின் கண்ணிலும் அந்த வெள்ளைப் புள்ளி. வாயை மூடிக்கொண்டான்.

எல்லோரும் கை தட்டினார்கள். பேரவை வரலாற்றில் ஒரு வீரனைக்கூட இழக்காத முதல் வெற்றியாம். தலைவர் முடிவுத் தாளை என் முன்னால் நீட்டினார், தோற்றவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்துக்கொண்டு. நான் அந்த விரலைத் தள்ளிவிட்டு வெளியே வந்தேன். மெத்தைக் கடை வாசலில் நின்று வாந்தி எடுத்தேன். பசை நாற்றம் ஒரு காரணம்.

புதன்கிழமை அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். அறை எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி, தம்பியிடம் சேர்க்கச் சொல்லி மெத்தைக் கடையில் கொடுத்துவிட்டு வந்தேன். வியாழன் காலை வரை கையெழுத்துப் போடவில்லை. பதினோரு மணிக்குள் போடாவிட்டால் ஆபரேஷன் மேஜையை வேறு நோயாளிக்குக் கொடுத்துவிடுவதாக டாக்டர் சொல்லி அனுப்பினார். அம்மா பச்சை அங்கியில் படுத்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்தே காலுக்கு லிஃப்ட் கதவு திறந்தது. தலைவர், அளவை அதிகாரி, பின்னால் என் தம்பி. அந்த லிஃப்டுக்கு வருஷாவருஷம் சான்றிதழ் கொடுப்பவன் நான். அதில் ஏறிய மூன்று பேரில் இரண்டு பேரையாவது அது நடுவில் நிறுத்தி வைத்திருக்கக் கூடாதா?

"வந்துட்டியாடா" என்றாள் அம்மா. எழுந்து உட்காரப் பார்த்தாள்.

தம்பி அவளைப் பார்த்தான். தலைவர் கட்டிலைச் சுற்றி என்னிடம் வந்து முடிவுத் தாளை எடுத்தார்.

"நாலு நாளா தரவரிசையே நிக்குது சார். தோத்தவர் கையெழுத்து இல்லாம முடிவு செல்லாது. உங்க ஒருத்தரால உலகமே காத்திருக்கு."

"அவனை எங்கம்மாகிட்ட முதல்ல பேசச் சொல்லுங்க. போடறேன்."

"அது முடியாதே. கையெழுத்து விழற வரைக்கும் ஆட்டம் நடக்குதுன்னுதான் அர்த்தம். இப்போ அவர் வாயைத் திறந்தா வெளிப்பேச்சு. ஒரு வீரரைக்கூட இழக்காத வெற்றி போயிடும்."

அளவை அதிகாரி விசிலை வாயருகில் வைத்துக்கொண்டு தயாராக நின்றார். நர்ஸ் ஊசியோடு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னடா சின்னவனே, சாப்பிட்டியா?" என்றாள் அம்மா. "ஏண்டா பேசமாட்டேங்கற? இன்னும் கோபமா?"

அவன் கட்டிலின் கால்மாட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றான். முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் முட்டி, பாத்ரூமுக்கு அவசரமாகப் போக வேண்டியவன் மாதிரி நெளிந்தான். ஆனால் வாய் திறக்கவில்லை. கடிகாரம் பத்தரையைத் தாண்டியது. அவன் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட வேண்டும் என்று கை பரபரத்தது. அந்தக் கையால் பேனாவை வாங்கி, தோற்றவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அளவை அதிகாரி தாளை வாங்கி, கையெழுத்து கட்டத்துக்குள் இருக்கிறதா என்று டேப்பால் அளந்தார். தலைவர் அம்மாவின் மாத்திரை மேஜையில் வைத்து முத்திரை குத்தினார். "ஆட்டம் முடிந்தது" என்றார்.

தம்பி ஓடிப்போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டான். நாலு வருஷம் கழித்து அவன் அவளிடம் சொன்ன முதல் வார்த்தைகளை அந்த அறையில் எல்லோரும் கேட்டோம்.

"அம்மா, நான் ஜெயிச்சுட்டேன். ஒரு பூதம்கூடச் சாகல."

"அப்படியாடா? நல்லா இருடா ராஜா" என்று அம்மா அவன் வழுக்கையைத் தடவினாள்.

பிறகு அவன் நிறுத்தவே இல்லை. ஆறா ஆறே காலா என்ற தகராறு, முழங்கால் தெரிந்தது, எதிரி தன் படையைத் தானே அழித்துக்கொண்ட முட்டாள்தனம், எல்லாவற்றையும் சொன்னான். எதிரி பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். அம்மாவுக்கு ஒரு சொல்கூடப் புரிந்திருக்காது. ஆனால் கல்யாண வீட்டில் உட்கார்ந்திருப்பவள் மாதிரி முகமெல்லாம் சிரிப்பாக, உம் கொட்டிக் கேட்டாள். பேச்சு நடக்கும்போதே நர்ஸ் படிவத்தை நீட்ட, என்ன என்றுகூடக் கேட்காமல் கையெழுத்துப் போட்டாள். கண் அவன் வாயைவிட்டு நகரவில்லை.

ஸ்ட்ரெச்சரைத் தள்ள ஆள் வந்தார்கள். தம்பி அதையே இரண்டாம் தடவை பாதிகூடச் சொல்லி முடிக்கவில்லை, அதற்குள் கையை விட வேண்டியதாயிற்று. கதவருகே அம்மா என்னைக் கூப்பிட்டாள். குனிந்தேன்.

"பெரியவனே, எனக்கு ஒண்ணும் ஆகாம திரும்பி வந்துட்டேன்னா, எனக்கும் அந்த மாதிரி ஒரு பெட்டி வாங்கித் தாடா."

"உனக்கு எதுக்கும்மா அந்தக் கண்றாவி?"

"அப்போதானே அவன் எங்கூட பேசுவான்? எந்த நிறமா இருந்தாலும் பரவாயில்ல."

"அப்படிச் சொல்லாதம்மா" என்றான் தம்பி பின்னாலிருந்து, ரொம்பப் பொறுமையாக. "நிறம் முக்கியம்."

தலைவர் அதற்குள் சட்டைப் பையிலிருந்து ரசீதுப் புத்தகத்தை எடுத்துவிட்டிருந்தார். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் அம்மாவின் போர்வையை இழுத்துவிட்டு, வாங்கித் தருகிறேன் அம்மா என்றேன்.